மலையில் இடுப்பு சற்று உயரம்

ஒருவர் மட்டை பிடிக்கும் விதத்தைத் திருத்தினால், இன்னொருவருடைய பலாமரம் பறிபோகுமா?

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், செம்மேட்டு முகாமில், இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கேள்வி சிரிப்பூட்டுகிறது என்பதை அறிவேன். வருவாய்த் துறையில் இப்போதுதான் சேர்ந்து, சட்டப் புத்தகங்களை இன்னும் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கும் உங்களுக்கு, இது ஓய்வு பெற்றவன் பொழுதுபோகாமல் எழுதிய வேடிக்கையாகவும் தோன்றலாம். சிரித்துக்கொண்டே படியுங்கள். ஆனால் அந்த மரங்கள் உண்மையானவை. அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடியும் உண்மையானது.

அப்போது நாட்டை வெள்ளையர் ஆண்டனர். எங்களை ஒரு டெப்டி கலெக்டர் ஆண்டார். கொல்லிமலையில் ரிசர்வ் காட்டின் எல்லையைப் புதிதாக வரைந்திருந்தார்கள். கோட்டுக்குள் தங்கள் நிலம் மாட்டிக்கொண்டது என்று முறையிட்ட குடியானவர்களின் மனுக்களை அவர் ஒவ்வொன்றாக விசாரித்து, ‘கோட்டுக்கு வெளியே விடுக’ என்றோ ‘தள்ளுபடி’ என்றோ எழுத வேண்டும். அவர் சொல்வதை எழுதிவைக்க நான் இருந்தேன், பி.ஏ. தேறிய இரண்டாம் கிளார்க்.

மலைக்கு அன்று வண்டிப் பாதை கிடையாது. அடிவாரத்திலிருந்து ஆட்கள் சுமக்கும் முதல் டோலியில் அதிகாரி ஏறினார். இரண்டாவது டோலியில் ஒரு வலை, நான்கு மட்டைகள், பெட்டி நிறைய இறகுப்பந்துகள். நிலம் அளக்கும் சங்கிலி மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தது. இந்த வரிசையைக் கண்டு நான் கடுங்கோபம் கொண்டேன். அந்தக் கோபத்தை நாட்குறிப்பில் நல்ல ஆங்கிலத்தில் எழுதிவைத்துவிட்டு, இரண்டாவது டோலியோடு ஓடி, பந்துப் பெட்டி பாறையில் மோதாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டே மலையேறினேன். படித்தவனின் சீற்றம் பெரும்பாலும் இப்படித்தான் சேவை செய்யும்.

அதிகாரி தீயவர் அல்லர். லஞ்சத்துக்குக் கை நீட்டமாட்டார், ஏழைகளிடம் குரலை உயர்த்தமாட்டார். தீயவராக இருந்திருந்தால் என் வேலை எளிதாயிருக்கும். தொந்தியைக் குறைக்கும்படி ஒரு டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். அதனால் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு முகாமின் பின்புறம், காற்று மோதாத பள்ளத்தில், இரண்டு மரங்களுக்கிடையே வலை கட்டி ஆட்டம். ஒன்பது மணிக்கு விசாரணை. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. குண்டூர் நாட்டிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் விடியுமுன் நடந்து வந்த மனுதாரர்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் போக வேறு இடமும் இல்லை.

அவர் மட்டையைத் தோசைத் திருப்பியைப் போலப் பிடித்தார். உள்ளங்கை முழுதும் பிடியின் பட்டையான பக்கத்தில். மட்டையின் முகம் வானத்தைப் பார்த்தபடி. அப்படிப் பிடித்தால் நேரே வரும் பந்தைத் தட்டலாம். பக்கவாட்டில் வருவதைத் தொழத்தான் முடியும். சர்வீஸ் அதைவிட விசேஷம். பந்தை இடுப்புக்குக் கீழே வைத்து அடிக்க வேண்டும் என்பது விதி. அவர் தோளுக்கு நேராக வைத்து அடித்தார். வந்த புதிதில் நான் திகைத்துத் தலைமை எழுத்தரைப் பார்த்தேன். அவர் அடிவாரத்துக்காரர், நான்கு ஆண்டுகளாக அதே அதிகாரியிடம் தோற்று வருபவர்.

“என்ன தம்பி அப்படி முழிக்கறீங்க?” என்றார் தணிந்த குரலில்.

“இடுப்புக்கு மேலே அடிக்கிறாரேண்ணா.”

“மலையில இடுப்பு கொஞ்சம் ஒசரமுங்க. அப்படியே ஒசரமில்லீன்னாலும், அய்யா இடுப்பு எங்கிருக்குதுன்னு அய்யாதான் சொல்லோணும். நம்ம அதிகாரத்துக்கு உட்பட்ட எடமில்லீங்க அது.”

இந்த நிர்வாக விளக்கத்தோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் ஒருநாள் அதிகாரியே என்னை அழைத்தார்.

“நீ காலேஜ் டீமில் ஆடினவனாமே. என் ஆட்டம் எப்படி இருக்கிறது? ஒளிக்காமல் சொல்.”

தலைமை எழுத்தர் வலைக் கயிற்றை இழுத்துக் கட்டுவதில் முழுக் கவனமானார். உண்மையைக் கேட்பவருக்கு உண்மையைச் சொல்வது கடமை என்று எனக்கு அப்போது உறுதியான எண்ணம் இருந்தது. கேட்பவர் அதற்கப்புறம் என்ன வேலை செய்யப் போகிறார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

“பிடி தவறு ஐயா. சர்வீஸும் தவறு” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. “கற்றுக்கொடு” என்றார். என் வாழ்வில் அதைவிடப் பெருமையான நாள் அதுவரை இல்லை.

மட்டையோடு கைகுலுக்குவதுபோலப் பிடிக்க வேண்டும் என்றுதான் பாடம் தொடங்கும். தொடங்கினேன், உடனே தவறிற்று. அவர் தம் வாழ்நாளில் மேலதிகாரிகளோடு மட்டுமே கைகுலுக்கியவர். விரல் நுனிகளை மட்டும் பணிவாக நீட்டி, உடனே திரும்பப் பெற்றுக்கொள்ளும் கைகுலுக்கல் அது. மட்டையையும் அப்படியே பிடித்தார். அது கீழே விழுந்தது. எங்களோடு கைகுலுக்கிப் பழகுங்கள் என்று ஒரு டெப்டி கலெக்டரிடம் சொல்ல முடியாது. வேறு உவமை தேடி மேட்டைப் பார்த்தேன். அங்கே முன்வரிசையில் ஓர் அம்மாள், மடியில் கொடுவாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளையம்மாள் என்று பெயர்; குண்டூர் நாட்டுக் கைம்பெண். கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட நான்கு பலாமரங்களையும் அவற்றின்மேல் ஏறிய மிளகையும் விட்டால் அவருக்கும் இரண்டு பெண்களுக்கும் பிழைப்பில்லை.

“அந்தக் கொடுவாளைக் கொஞ்சம் கொடுங்கள் அம்மா” என்றேன்.

“குடுக்கறனுங்க. பாத்துங்க சாமி, நேத்துத்தான் தீட்டுனது. அய்யா வெரலு இருந்தாத்தானுங்க எம் மனுவுல எழுத முடியும்.”

மேடு முழுதும் சிரித்தது, அதிகாரியும் சிரித்தார். கொடுவாளை அவர் கையில் கொடுத்து, கிளை வெட்டப் போவதுபோல ஓங்கச் சொன்னேன். கூர்ப்பக்கம் தானாகவே கீழே பார்த்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளம், பிடியின் மேல் விளிம்பில் சரியாக உட்கார்ந்தது. “அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா” என்று கொடுவாளை உருவிக்கொண்டு மட்டையைச் செருகினேன். சரியான பிடி! பிறகு சர்வீஸ்: இடது கையில் பந்தின் இறகை நுனியில் பிடி, கீழே விடு, விழும்போது, மட்டைத்தலை கைக்குக் கீழே இருக்க, இடுப்புக்குத் தாழ்வாகத் தட்டு. பாடம் முடிந்ததும் கொடுவாளை வெள்ளையம்மாளிடம் திருப்பிக் கொடுத்து நன்றி கூறினேன். அவர் மரத்தை அவருடைய ஆயுதத்தாலேயே வெட்டத் தொடங்கியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

பிடியை மாற்றியவர் எவரும் முதலில் சில வாரங்கள் எதையும் அடிக்கமாட்டார். கை பழைய இடத்தைத் தேடும். இது ஆட்டம் கற்பிப்பவர் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘பொறுமை வேண்டும் ஐயா’ என்று மட்டும் சொன்னேன். அதிகாரி காற்றை அடித்தார். சர்வீஸ் வலையில் போய் விழுந்தது. அவர் அடிப்பதற்கென்றே பந்தை உயரமாக, மெதுவாகத் தூக்கிப் போட்டுக் கொடுத்துத் தோற்பது தலைமை எழுத்தரின் நெடுநாள் வழக்கம். இப்போது அந்தப் பந்துகளும் அடிபடாமல் தரையில் விழ, எழுத்தருக்குப் பாயிண்ட் மேல் பாயிண்டாகச் சேர்ந்தது. நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் வென்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

“என்னைய எதுக்குங்க தம்பி இப்படிக் கெலிக்க வெச்சீங்க?” என்று கண்கலங்கக் கேட்டார்.

நான் அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்கு விசாரணை தொடங்கியது. அன்று வந்த மனுக்கள் எல்லாம் தள்ளுபடி. அடுத்த நாளும். அதற்கு முன்பு அவர் ஒவ்வொரு மனுவுக்கும் வரைபடத்தை விரித்துப் பார்ப்பார், சாட்சியைக் கேட்பார். இப்போது வலக்கை மணிக்கட்டைத் தடவியபடி, மனுவின் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “ஆதாரம் போதாது” என்பார். அழுத்தமான ஆதாரத்தோடு வந்த ஒருவர், வெள்ளையம்மாளின் பங்காளி, இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். அந்தத் தள்ளுபடியை நான்தான் அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, “இன்றைக்கு மணிக்கட்டு நன்றாகத் திரும்பியது ஐயா” என்று பாராட்டவும் செய்தேன்.

மேட்டில் இருந்தவர்கள் எனக்கு முன்பே இதைக் கண்டுகொண்டார்கள். ஆட்டம் தோல்வியில் முடியும்போது மேடு காலியாகத் தொடங்கியது. ஒன்பது மணிக்குப் பெயர் கூப்பிட்டால் ஆள் இல்லை. மலைக்காய்ச்சல் என்று யாராவது வந்து சொல்வார்கள்.

“காலையில ஆறு மணிக்குக் கம்பளியோட உக்காந்து வேடிக்க பாத்தாரே?” என்பார் தலைமை எழுத்தர்.

“அப்பத்தானுங்க வந்துச்சு. கடைசிப் பாயிண்ட்டுல.”

விடுதலைக்கு முந்தைய அந்த நாட்களில், மலைக்காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்று பெரிய டாக்டர்கள் கூறிவந்தனர். செம்மேட்டில் அதற்குக் காரணம் நான்.

மூன்றாம் முறையும் வராதவரின் மனு தானே தள்ளுபடியாகிவிடும் என்பது விதி. வெள்ளையம்மாளுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாம் விசாரணைக்கு முந்தைய நாள் மத்தியானம் என்னைத் தேடி வந்தார்.

“ஏனுங்க சாமி, அய்யாவப் பழைய மாதிரியே புடிக்க உட்டிருக்கக் கூடாதுங்களா? அவரு பாட்டுக்கு ஆப்பக்கரண்டியாட்டம் புடிச்சுட்டுச் சந்தோசமா இருந்தாரு.”

“அம்மா, ஆட்டத்துக்கும் விசாரணைக்கும் தொடர்பு கிடையாது. நீதி மட்டையில் இல்லை. உங்கள் ஆதாரத்தில் இருக்கிறது” என்றேன். இந்த வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன். அதைச் சொன்ன குரலை மட்டும் உங்களுக்குக் கேட்கச் செய்ய இயலவில்லை. கேட்டால் நீங்களும் என்னை அடிக்க வருவீர்கள்.

“சரிங்க. அப்ப எம் பங்காளி மனு எதுல போச்சுங்க? அதுக்கு எழுதுனதும் நீங்கதானுங்களே, சாமி?”

அவர் போனபின் பதிவேட்டை எடுத்தேன். கோட்டுக்கு வெளியே விட்டவை, தள்ளுபடியானவை எல்லாம் தேதிவாரியாக என் கையெழுத்தில் இருந்தன. ஓரத்தில் பென்சிலால் அந்தந்த நாளின் ஆட்டத்தைக் குறித்தேன்: வெற்றி, வெற்றி, வெற்றி, பிறகு, நான் பாடம் சொன்ன நாளிலிருந்து, தோல்வி. விசாரணை முடிவுகளும் அதே வரிசையில் திரும்பியிருந்தன. வெள்ளையம்மாளின் கோப்பையும் பார்த்தேன். காட்டிலாகாவின் பழைய வரைபடத்திலேயே அந்த இடம் குடியானவரின் பலாத்தோப்பு என்று குறித்திருந்தது. விரித்துப் பார்க்கும் மனநிலையில் அதிகாரி இருந்தால் போதும். வேறு சாட்சி வேண்டாம்.

மறுநாள் காலை, தலைமை எழுத்தர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். அவருக்கும் அந்த நோய் தொற்றியிருந்தது. அதிகாரிக்கு எதிரே நான். ஆட்டம் பார்க்க மட்டும் எழுந்து மேட்டுக்கு வந்த தலைமை எழுத்தர், போகிற போக்கில் என் காதில், “தோத்துப் போடுங்க தம்பி, புண்ணியமாப் போகுது” என்றார்.

நண்பர்களே, தோற்பது அவ்வளவு கடினம் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நாளைய விதிப்படி சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே பாயிண்ட். தலைமை எழுத்தரின் தவற்றை நான் செய்யவில்லை. என் சர்வீஸையெல்லாம் வேண்டுமென்றே வலையில் அடித்தேன். சர்வீஸ் அவருக்குப் போகும். அவர் புதிய முறைப்படி, நான் கற்பித்தபடி, இடுப்புக்குக் கீழே தட்டுவார். அதுவும் வலையில் விழும். திரும்ப எனக்கு. வலைக்கயிற்றில் தட்டி இந்தப்பக்கம் சரிந்தவை, மட்டை விளிம்பில் பட்டுத் தாண்டி வந்தவை என்று எப்படியோ அவரைப் பதினான்கு வரை கொண்டுவந்தேன். இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்று வரவில்லை. சர்வீஸ் இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருந்தது. அவருடைய முகம் சிவந்துகொண்டிருந்தது. நேரமாகிக்கொண்டே இருந்தது. இன்று ஆட்டம் முடியாமல் நின்றாலும் கோபம் விசாரணைக்குத்தான் வரும். வெள்ளையம்மாள் மேட்டிலிருந்து எழவில்லை. இனி அவருக்குக் காய்ச்சல் வர உரிமையில்லை.

அப்போது அதிகாரி பொறுமையிழந்தார். மட்டையைக் கையில் சுழற்றினார். தோசைத் திருப்பி மீண்டும் வந்தது. பந்தைத் தோளுக்கு நேரே தூக்கி, ஓங்கி ஒரே அடி. அது என் தலைக்குமேல் பறந்து, கோட்டுக்கு அரை அடி உள்ளே விழுந்தது. நான் நகரவில்லை.

மேட்டில் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு வாரமாக ஒவ்வொரு தவற்றையும் தவறு என்று சொன்னவன் நான்தான். “சரியா?” என்று கேட்டார்.

விதி எனக்குத் தெரியும். தவறு என்று சொன்னால், உண்மை நிற்கும். நான்கு மரங்கள் விழும். சரி என்று சொன்னால், மரங்கள் நிற்கலாம். ஆனால் ஓர் அதிகாரியின் மகிழ்ச்சியை வைத்துத் தீர்ப்பு வாங்கும் வேலையில் நானும் ஒரு தரகன் ஆவேன். இவ்வளவையும் அந்த நொடியில் எண்ணினேன் என்று சொன்னால் அதுவும் பொய். நான் கண்டது மேட்டில் ஒரு கொடுவாளை; அதன் பிடியை இறுக்கிக்கொண்டிருந்த ஒரு கையை.

“சரிதான் ஐயா. ஆட்டம் உங்களுடையது” என்றேன்.

ஒன்பது மணிக்கு அவர் சீட்டியடித்தபடி வந்து உட்கார்ந்தார். வரைபடத்தை விரித்தார். பலாத்தோப்பைக் கண்டார். “இது வெளிப்படையாகத் தெரிகிறதே, இதற்கு எதற்கு இந்த அம்மாளை மூன்று தடவை நடக்கவிட்டோம்?” என்று எங்களைக் கடிந்துகொண்டு, ‘கோட்டுக்கு வெளியே விடுக’ என்றார்.

வெளியே வந்து வெள்ளையம்மாளிடம் செய்தியைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலில் விழுந்து நன்றி சொல்வார் என்ற ஓர் அற்ப எதிர்பார்ப்பு எனக்கு இருந்ததை மறைக்கமாட்டேன்.

“எம் மரம் நின்னுருச்சுங்க, சந்தோசமுங்க” என்றார். பிறகு, “பங்காளி ஊட்டுக்குப் போய் நான் என்னன்னுங்க சொல்லட்டும்? நீங்க அந்த ஒரு பாயிண்ட்ட அவனுக்கும் உட்டுக் குடுத்திருந்தா ஆகாதுங்களா?” என்று கேட்டுவிட்டு, கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

அன்று பிற்பகல், பென்சில் குறிப்புகளோடு பதிவேட்டை அதிகாரியின் மேசைக்கு எடுத்துச் சென்றேன். தலைமை எழுத்தர் வாசலில் மறித்தார்.

“அழிச்சுப் போட்டுக் கொண்டு போங்க தம்பி. உங்க வேலையத் தின்னுபோடும் இது.”

“இரண்டு வாரமாக மற்றவர்கள் நிலத்தைத்தானே அண்ணா தின்றது” என்றேன். தைரியத்தால் அல்ல. அந்தப் பங்காளியின் முகத்தை அடுத்த சந்தையில் பார்க்க நேருமே என்ற அச்சத்தால்.

அதிகாரி பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஓரத்துப் பென்சில் எழுத்தின்மேல் விரல் வைத்து, மெதுவாகக் கீழே இறங்கினார். கடைசி வரியில் அன்றைய தேதிக்கு எதிரே நான் எழுதியிருந்தது: ‘வெற்றி. கடைசி சர்வீஸ் தவறு. சரி என்று நான் பொய் கூறினேன்.’

நிமிர்ந்தார். “அப்படியானால் அந்த அம்மாளின் மனுவும் தவறா?”

“மனு சரி ஐயா. சர்வீஸ்தான் தவறு.”

அவர் பதிவேட்டை மூடினார். போகச் சொல்லிக் கையசைத்தார். என் வேலை போய்விட்டது என்றே எண்ணி, பெட்டியைக் கட்டிவைத்தேன்.

மறுநாள் காலை ஓர் உத்தரவு வந்தது. மலையில் காலைப் பனி அதிகமாக இருப்பதால் இறகுப்பந்துகளின் இறகுகள் நனைந்து கெடுகின்றன. ஆகவே இனி ஆட்டம் மாலை ஐந்து மணிக்கு நடைபெறும். விசாரணை காலை ஏழு மணிக்கே தொடங்கும். பனியைத் தவிர வேறு எவர்மீதும் அந்த உத்தரவில் குற்றம் சாட்டப்படவில்லை. தலைமை எழுத்தர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “பனி இத்தன வருசமாப் பேஞ்சுட்டுத்தானுங்களே இருக்குது” என்று மட்டும் சொன்னார். தோல்வி நாட்களில் தள்ளுபடியான மனுக்களைப் பற்றி உத்தரவு வாய் திறக்கவில்லை. தேடி வந்தவர்களுக்கு நானே மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். வெள்ளையம்மாளின் பங்காளிக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. சிலருக்குக் கிடைக்கவில்லை, சிலர் என்னைத் தேடி வரவே இல்லை. அவர்கள் நிலம் இன்றும் கோட்டுக்குள்தான் இருக்கிறது.

அன்று முதல் அந்த முகாமில் விசாரணை முடிந்த பிறகே ஆட்டம் நடந்தது. மழைக்காலத்துக்குள் அதிகாரியின் கையில் சரியான பிடி படிந்துவிட்டது. ஒருநாள் மாலை, இடுப்புக்குக் கீழே சர்வீஸ் போட்டு, என்னை நேர்மையாகவே தோற்கடித்தார். பார்ப்பதற்கு மேட்டில் யாரும் இல்லை.